அம்மாவுக்கு வைத்த பரீட்சை

மன்னியை நான் நம்பவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மன்னி என்றால் என் அண்ணாவின் மனைவி. எண்பதுகளின் தொடக்கத்தில் கொச்சி மட்டாஞ்சேரி வீட்டில் அப்பா, அம்மா, அண்ணா, மன்னி என்று நாலு பேர். நான் கல்யாணமாகி ஆலுவாவில் இருந்தேன். பஸ்ஸில் எர்ணாகுளம் வந்து, போட்டைப் பிடித்து, படகுத்துறையில் இறங்கி, சுக்கு மூட்டை ஏற்றிய கைவண்டிகளுக்கு நடுவில் புகுந்து வீடு போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும். மீதிப் பாதியில் மன்னி என்ன செய்கிறாள் என்று பார்த்துவிட்டு வருவேன்.

ஒருநாள் மன்னி என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "அம்மாக்கு ஓர்மையே நிக்கலை, கேட்டியா. ரசத்துல ரெண்டு தரம் உப்புப் போடறா. முந்தாநாள் ஸ்டவ்வைக் கொளுத்தி வச்சுட்டு அப்படியே கோவிலுக்குப் போய்ட்டா" என்றாள்.

இரண்டாம் தரம் உப்பைப் போட்டது யார் என்று எனக்கு எப்படித் தெரியும்? வீட்டில் இருந்த பெண்கள் இரண்டு பேர். அன்று மதியம் அம்மா வைத்த ரசத்தை முதல் ஆளாக நான் ருசி பார்த்தேன். அமிர்தமாக இருந்தது. "உப்பு சரியாத்தானே இருக்கு மன்னி?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டேன். "நீ வரச்சே எல்லாம் சரியாத்தான் இருக்கும்" என்றாள் அவள். அதில் என்ன குத்தல் ஒளிந்திருக்கிறது என்று திரும்பி வரும்போது போட்டில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த மாதம் இன்னொரு கதை. அம்மா கோவிலிலிருந்து வரும் வழியில் வேறு சந்துக்குள் போய்விட்டாளாம். பக்கத்து வீட்டுக் கொங்கணி மாமிதான் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாளாம். அந்த மாமியும் மன்னியும் பகல் பூரா வேலி ஓரம் நின்று பேசுகிறவர்கள். சாட்சி எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவையே கேட்டேன். "காய் விக்கறவன் அந்தப் பக்கம் போனான், பின்னாடியே போனேன். அது ஒரு குத்தமா?" என்று சிரித்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

மன்னிக்கு வேண்டியது என்ன என்று எனக்கு அப்போதே தெரியும். அடுக்களை. கல்யாணமாகி வந்த நாள் முதல் அவள் அம்மாவுக்குக் காய் நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கரண்டி அவள் கைக்கு வரவேயில்லை. அம்மாவுக்கு மூளை சரியில்லை என்று ஆகிவிட்டால் அடுப்பு அவளுடையது. அம்மா கூடத்து மூலையில் உட்கார்ந்து, போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்க வேண்டியதுதான்.

பிறகு டாக்டர் வருகிறார் என்றார்கள். எர்ணாகுளத்துக்காரர், இளவயது, மலையாளி. மன்னியின் சித்தப்பா பிள்ளையோடு கூடப் படித்தவராம். அது ஒன்றே எனக்குப் போதும். ஊசி கிடையாது, ரத்தம் எடுக்கப் போவதில்லை, சில கேள்விகள் கேட்டே மறதி வியாதி இருக்கிறதா என்று சொல்லிவிடுவார் என்றான் அண்ணா. கேள்வி கேட்டு வியாதி கண்டுபிடிக்கிற டாக்டரை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. கேள்வியை யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். அண்ணா எழுந்து வாசல் பக்கம் போய்விட்டான்.

நானும் சும்மா இருக்கவில்லை. முதல் நாளே வந்து இறங்கிவிட்டேன். அம்மாவை உட்கார வைத்து, இன்றைக்கு என்ன கிழமை, என்ன மாதம், இது எந்த ஊர், எந்த ஜில்லா என்று பாடம் நடத்தினேன். "இதென்னடி, என்னைப் பள்ளிக்கூடத்துல சேக்கப் போறயா?" என்றாள். சேர்த்தால் முதல் வகுப்பில் தேறுவாள் என்று எனக்கு அவ்வளவு நிச்சயம்.

மறுநாள் காலை டாக்டர் வந்தார். கூடத்தில் அம்மாவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வாசல் பக்கத்து அறையில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அண்ணா நிலைப்படியிலும் மன்னி அடுக்களை வாசலிலும் நின்றார்கள். நான் அம்மாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன்.

"அம்மே, இது ஏது மாசமா?"

"சிங்ஙம்" என்றாள் அம்மா. "எங்க தமிழ்ல ஆவணி. இங்கிலீஷ்ல ஆகஸ்ட். நோக்கு எது வேணும்?"

டாக்டர் சிரித்துவிட்டார். நான் மன்னியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

குடை, தேங்காய், தோணி என்று மூன்று பெயர் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு வரைக்கும் வந்த அம்மா, "போறும், இதைக் கழிச்சு என்ன கொண்டுபோகப் போறேன்?" என்று கையை உதறினாள். எனக்கு அது சாமர்த்தியமாகப் பட்டது. மூன்று பெயரையும் திருப்பிக் கேட்டபோது தேங்காயும் தோணியும் உடனே வந்தன. மற்றது வரவில்லை. நான் கதவு மூலையில் சாத்தியிருந்த குடையையே பார்த்தேன். அம்மா என் கண் போன பக்கம் பார்த்து, "குட" என்றாள்.

"சேச்சி கொஞ்சம் வெளியில் இருக்கலாமே" என்று டாக்டர் என்னிடம் மலையாளத்தில் சொன்னார். "நான் எதுக்குப் போகணும்? இது என் அம்மா" என்றேன். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு அடுத்ததைக் கேட்டார்.

"பர்த்தாவின்டெ பேரு?"

இதோ வந்துவிட்டது என்று நினைத்தேன். கணவர் பெயரைக் கேட்கிறார். இந்தக் கேள்வியை மன்னிதான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அம்மா பதில் சொல்ல மாட்டாள், மறதி என்று எழுதிவிடலாம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அம்மா அப்பாவின் பெயரைச் சொல்கிறவள் இல்லை. அது ஒரு சாமியின் பெயரும்கூட. பஜனையில் அந்தப் பெயர் வரும் அடியில் அம்மாவின் குரல் மட்டும் நின்றுவிடும். எழுபதுகளில் அப்பாவை மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது நர்ஸ் பெயரைக் கேட்டுக் கத்தினாள். அம்மா அழுதுகொண்டே என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். அப்பா போய்விடுவாரோ என்ற அந்த நேரத்திலும் அவள் வாய் திறக்கவில்லை. இதை டாக்டரிடம் சொல்லி வைக்க வேண்டும், சொல்லாதது மறதி இல்லை என்று சண்டை பிடிக்க வேண்டும் என்று நான் முன்னால் நகர்ந்தேன்.

அதற்குள் அம்மா சொல்லிவிட்டாள்.

உரக்க, தெளிவாக, அப்பாவின் பெயரை முழுசாகச் சொன்னாள். வாயைப் பொத்தவில்லை, தலையைக் குனியவில்லை, என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஊர்ப் பெயரைச் சொன்ன மாதிரியே சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்காக டாக்டரைப் பார்த்தாள். "கரெக்ட்" என்று அவர் காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

நிமிர்ந்து பார்த்தால் மன்னி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நிற்கிறாள். அண்ணாவின் முகத்தில் ரத்தமில்லை. வாசல் அறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அப்பா பேப்பரோடு கூடத்துக்கு வந்தார். அவரை அப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட கடைசிப் பெண் அவருடைய அம்மா. அவளும் போய்ப் பல வருஷமாகியிருந்தது.

"யாராக்கும் என்னைக் கூப்ட்டது?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அம்மாவும் எங்களோடு சேர்ந்து, யார் கூப்பிட்டார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் பேனாவை மூடினார். பயப்பட ஒன்றுமில்லை, வயதான காலத்தில் வருகிற சின்ன மறதிதான், ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் சரியாகவே பதில் சொல்லியிருக்கிறார் என்றார். நான் எந்தத் தீர்ப்புக்காக ஆலுவாவிலிருந்து வந்தேனோ அதே தீர்ப்பு. மன்னி வாயே திறக்கவில்லை. சொன்னால் நான் நம்ப மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

எழுந்திருக்கப் போன டாக்டரின் பையை நான் பிடித்துக்கொண்டேன்.

"இல்ல டாக்டர்" என்றேன். "அம்மைக்கு சுகமில்ல. இன்னொரு தரம் நோக்கணும்."