இடுப்பு உயரத்தில் ஒரு ஜன்னல்

தையல்காரிக்கு வாய் இருக்கிறது என்பதே அந்தத் தெருவில் பலருக்குத் தெரியாது. அளவெடுக்கும்போது "கையைத் தூக்குங்க", "திரும்புங்க" என்பாள். அதோடு சரி. புருஷன் போன பிறகு தையல் மிஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தவள் அவள். சமையலறைக்குப் பின்னால் சந்து மாதிரி ஓர் இடம் கிடைத்தது. மிஷினைப் போட்டு ஸ்டூலையும் போட்டால் முழங்காலை எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டும். எதிரே சுவர். அதில் காரை உதிர்ந்த இடம் ஒன்று ஒட்டகம் மாதிரி இருக்கும். அந்த ஒட்டகத்தைப் பார்த்துப் பார்த்தே ஊர்ப்பிள்ளைகளின் சீருடையையெல்லாம் தைத்தாள். தெருவில் சத்தம் கேட்டால், "என்ன அண்ணி அங்கே?" என்பாள்.

"ஒண்ணுமில்ல, நீ தை," என்பாள் அண்ணி.

வெளிநாட்டு மிஷன் கல்லூரிப் பிள்ளைகள் கொஞ்சம் பேர் வந்து, அண்ணன் வீட்டை ஒட்டின காலி இடத்தில் அவளுக்கு ஓர் அறையும் சமையல்கட்டும் கட்டித் தரப்போகிறார்கள் என்று முடிவானபோது, அவள் கொத்தனாரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல் வேணும். மிஷினை அதுக்கு நேரா போட்டுக்குவேன்."

"அவ்வளவுதானே? வெச்சுட்டா போச்சு," என்றார் கொத்தனார்.

பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். முதல் நாளே வெயில் பட்டு எல்லோர் மூக்கும் தக்காளியாகிவிட்டது. செங்கல்லை ஒவ்வொன்றாக, பிறந்த குழந்தையை ஏந்துகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்தி வந்தார்கள். காலையில் வட்டமாகக் கைகோத்து நின்று ஜெபம் செய்வார்கள். கொத்தனார் சட்டிக் கலவையைப் பார்த்துத் தவித்துக்கொண்டிருப்பார். "ஆண்டவர் காத்திருப்பார், கலவை காத்திருக்குமா?"

அவர்களைக் கண்டதும் அவர் வாயில் வருகிற முதல் வார்த்தை "மெதுவா!" தினமும் அதையே கேட்ட பிள்ளைகள், இந்த ஊரில் அதுதான் வணக்கம் போல என்று எடுத்துக்கொண்டார்கள். காலையில் அண்ணி வாசல் பெருக்க வந்தால், வேனிலிருந்து பத்துக் குரலில் "மெதுவா!" வரும். அவள் துடைப்பத்தை நிறுத்திவிட்டு, "நான் மெதுவாத்தானேடா பெருக்குறேன்," என்பாள்.

நடுவில் நின்று இரண்டு பக்கப் பேச்சையும் மாற்றிக் கொடுத்தது அண்ணன் மகள். அவர்கள் பாஷையைக் கல்லூரியில் படிக்கிறவள். யார் மனமும் நோகக் கூடாது என்பது அவள் கொள்கை.

"இது சுவரா, பாம்பு ஊர்ந்த தடமா? பிரிச்சுக் கட்டச் சொல்லும்மா!" என்று கொத்தனார் கத்துவார். அவள் இனிமையாக ஏதோ சொல்வாள். பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

"என்னம்மா சொன்னே?"

"முயற்சி நல்லாருக்கு, இன்னொரு தடவை கட்டினா இன்னும் அழகா வரும்னு சொன்னீங்கன்னு சொன்னேன்."

"நான் எப்போ சொன்னேன்?"

"சொல்லியிருக்கணும், மாமா."

அவர்களில் ஒருவன் வாசல் நிலை இடிக்கிற உயரம். அண்ணி அவனுக்கு ஒட்டடைக்கம்பு என்று பெயர் வைத்துவிட்டாள். குனிந்து நிமிர்ந்ததில் அவன் கால்சட்டையின் இரண்டு முழங்காலும் கிழிந்தன. தையல்காரி அதைப் பிடுங்காத குறையாக வாங்கி, பழைய சீருடைத் துணியில் நீலத்தில் இரண்டு ஒட்டுப் போட்டுக் கொடுத்தாள். அவன் அதைப் போட்டுக்கொண்டு எல்லோரிடமும் முழங்காலைக் காட்டித் திரிந்தான்.

அவள் அந்த ஒட்டைத் தைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் வினை நடந்தது. ஜன்னல் சட்டம் நிறுத்த வேண்டிய நாள். சிமென்ட் தீர்ந்துவிட்டது. வாங்கக் கிளம்பிய கொத்தனார், சுவரைக் காட்டி, தன் இடுப்பில் இரண்டு தட்டுத் தட்டி, "இந்த உயரத்துல சட்டம் உக்காரணும்," என்று சொல்லிவிட்டுப் போனார். கொத்தனாருக்கு உடம்பேதான் அளவுகோல். பேச்சை மாற்றிச் சொல்ல அண்ணன் மகள் இல்லை, பரீட்சைக்குப் போயிருந்தாள். ஆனால் சைகைக்கு எதற்கு மொழி? இடுப்பு உயரம். புரிந்துவிட்டது. பக்கத்தில் நின்றவன் ஒட்டடைக்கம்பு. அவனைச் சுவரோரம் நிறுத்தி, அவன் இடுப்புக்கு நேராக ஒரு பெண் சாக்கட்டியால் கோடு போட்டாள். சட்டியில் மிச்சமிருந்த கலவையில் தண்ணீரை ஊற்றிக் கலக்கி, அந்தக் கோட்டிலேயே சட்டத்தை நிறுத்தியும் விட்டார்கள்.

கொத்தனார் திரும்பி வந்தபோது, வேறொருவன் சமையல்கட்டின் ஈரத் தரையில் கணுக்கால்வரை புதைந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தான். அவனைப் பிடுங்கி எடுக்கிற கூத்தில் ஜன்னலை யார் பார்த்தார்கள்?

மறுநாள் மதியம் பிள்ளைகள் ஊருக்குக் கிளம்ப வேண்டும். கூரை மட்டும் பாக்கி, அது கொத்தனார் பொறுப்பு. காலையிலேயே நாலு பேர் தையல் மிஷினைப் பல்லக்கு மாதிரி தூக்கிவந்து ஜன்னலுக்கு நேராக வைத்தார்கள். அண்ணன் மகள் ஸ்டூலைப் போட்டாள். "உக்காருங்க அத்தை!"

தையல்காரி உட்கார்ந்தாள். எதிரே செங்கல். அண்ணாந்தால் ஒரு மின்கம்பி, அதில் ஒரு காக்கா. ஒட்டகம் கூட இல்லை.

பிள்ளைகள் அவள் முகத்தையே பார்த்தார்கள். அண்ணி காதோரம் குனிந்தாள். "தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதே. வெயில்ல வெந்து கட்டியிருக்குதுங்க. சிரி."

அவள் சிரித்தாள். இத்தனை வருஷம் அப்படித்தான் சிரித்தாள். ஆனால் இன்றைக்கு வாயை மூடினால் சாகும்வரை செங்கல்தான்.

"ஜன்னல் உசரமா இருக்கு, தெரு தெரியலைன்னு சொல்லும்மா," என்றாள் அண்ணன் மகளிடம்.

அவள் தயங்கி, ஏதோ சொன்னாள். பிள்ளைகள் நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார்கள். ஒரு பெண்ணுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"என்னடி சொன்னே?"

"ஜன்னல் வழியா வானம் தெரியுது, ரொம்ப சந்தோஷம்னு..."

"நல்லாருக்கு உன் படிப்பு!"

தையல்காரி ஸ்டூலை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இல்லாத துணியை ஊசிக்கு அடியில் தள்ளினாள். நிறுத்தினாள். மதில் மேல் எட்டிப் பார்க்கும் குழந்தை மாதிரி கழுத்தை நீட்டினாள். எட்டவில்லை. பெருமூச்சு விட்டு மறுபடி தைத்தாள். மறுபடி எட்டினாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் எட்டிப் பார்ப்பதை நிறுத்தவில்லை.

முதலில் சிரிப்பை நிறுத்தியவன் ஒட்டடைக்கம்பு. அவள் பக்கத்தில் வந்து, நீல ஒட்டுகள் மண்ணில் பட முழங்கால் போட்டான். கழுத்தை உள்ளிழுத்து, தன் கண்ணை அவள் கண்ணுக்குச் சமமாகக் கொண்டுவந்து பார்த்தான். காக்காவைப் பார்த்தான். மெல்ல என்னவோ சொன்னான்.

"என்ன சொல்றான்?"

"ஐயோன்னு சொல்றான், அத்தை." இந்தத் தடவை அவள் எதையும் மாற்றவில்லை.

கொத்தனார் ஓடிவந்தார். "நான் இடுப்புன்னுதானே காட்டினேன்!"

"யார் இடுப்பு?" என்றாள் தையல்காரி. கொத்தனார் ஒட்டடைக்கம்பை மேலும் கீழும் பார்த்தார். தன் இடுப்பைப் பார்த்தார். தலையில் கைவைத்துக்கொண்டார்.

பிரிக்கிற வேலை என்றால் கேட்க வேண்டுமா! கட்டும்போது இல்லாத வேகம் பிரிக்கும்போது வந்தது. தண்ணீர் அதிகம் ஊற்றிக் கலக்கிய கலவை, நேற்றுக் கட்டியது, இரண்டு தட்டில் விட்டுக்கொடுத்தது. "இவங்க கலவைக்கும் ஒரு புண்ணியம் இருக்கு," என்றார் கொத்தனார்.

சட்டம் இறங்கவேண்டிய உயரத்தைத் தையல்காரியே சொன்னாள். ஸ்டூலில் உட்கார்ந்து, கழுத்திலிருந்த டேப்பை உருவி, ஒரு நுனியை ஒட்டடைக்கம்பிடம் கொடுத்தாள். "பிடி. கீழே. இன்னும் கீழே. கையை எடு." அவனும் திரும்பச் சொன்ன பக்கம் திரும்பினான்.

மதியம் வேன் கிளம்பியது. கூரையில்லாத அறையில், உச்சி வெயில் தலையில் காய, அவள் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய் வழியனுப்பவில்லை. ஜன்னலிலேயே எல்லாம் தெரிந்தது. வேனில் ஏறும்போது ஒட்டடைக்கம்பு தலையை இடித்துக்கொண்டதுகூட.

"மெதுவா!" என்று பத்துக் குரல் கத்தியது.

"மெதுவா!" என்று இவளும் கத்தினாள். தெருவில் இரண்டு பேர் யார் குரல் இது என்று திரும்பிப் பார்த்தார்கள்.

வேன் எழுப்பிய புழுதி அடங்கியது. அண்ணி கையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

"அண்ணி, முதுகுல தையல் விட்டிருக்கு!"

அண்ணி பதறி முதுகைத் தடவிக்கொண்டு ஜன்னலை முறைத்தாள். "இதுக்காகவா அத்தனை பேர் கடல் தாண்டி வந்தாங்க?"

"கழட்டிக் கொண்டாங்க, தெச்சுத் தரேன்," என்றாள் தையல்காரி, தெருவிலிருந்து கண்ணை எடுக்காமல்.