பட்டறையை மறைத்த கிடுகு வேலி

அச்சுவேலியில் எங்கள் வீட்டை ஒட்டிய காணியில் வெல்டிங் பட்டறை வந்தது. பிரதேச சபையில் முறையிட்டும் பலனில்லை. இரும்பு ஒட்டும்போது எழும் வெளிச்சம் கண்ணில் படாதிருக்க, அந்தப் பக்கத்துத் தென்னோலைக் கிடுகு வேலியை ஆளுயரத்துக்கு மேல் உயர்த்தி அடைத்தேன்.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று பலத்து வீசிய ஒரு மத்தியானம், பட்டறைப் பொறி பறந்து காய்ந்த கிடுகு பற்றிக்கொண்டது. நான் கத்தியதும் பட்டறைக்காரர் ஓடிவந்து, வேலியைச் சாய்த்து மண் போட்டு அணைத்தார். நெருப்பு நாங்கள் சமைக்கும் குசினியின் கூரையை எட்டவில்லை.

“வேலி அடைக்கேக்கை ஒருக்கா என்னட்டைச் சொல்லியிருக்கலாமே, அக்கா?”

“பட்டறை போடேக்கை நீர் என்னோடை கதைச்சனீரோ, தம்பி?”



பிறகு வேலி எரிந்த இடத்தில் இருவருமாகத் தகரம் அடித்தோம். முறைப்பாட்டை நான் மீளப் பெறவில்லை. ஆனால் காற்று எழும்பும் நாள்களில், “தம்பி, இண்டைக்கு அங்காலை தள்ளி வைச்சு ஒட்டும்” என்று சொல்லிவிட்டுத்தான் அடுப்பை மூட்டுகிறேன்.