அம்மாவின் ஆறு வருடத்தைத் தேடி கீழ்வேளூர் வரை

மஸ்கட்டில் ஒரு பள்ளியில் புவியியல் ஆசிரியையாக இருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வந்து வேலை பார்க்கும் ஆசிரியர்களுக்கு எங்கள் பள்ளி தரும் மருத்துவக் காப்பீட்டில், பெற்றோரையும் சேர்க்கலாம் என்று சென்ற ஆண்டுதான் அறிவித்தார்கள். பெற்றோர் நம்மைச் சார்ந்தவராக இருக்க வேண்டும், நம்மோடு அங்கேயே வசிக்க வேண்டும், சேரும் நாளில் அறுபது வயது ஆகியிருக்கக் கூடாது. என் அம்மாவுக்கு ஐம்பத்து நான்கு. ஆதாரில் அறுபது. அந்த ஆறு வருடத்தைத் திருப்பி வாங்கத்தான் போன தை மாதம், பொங்கல் முடிந்த மறு வாரம், அம்மாவையும் கூட்டிக்கொண்டு தஞ்சாவூரிலிருந்து கீழ்வேளூர்ப் பக்கம் போய் வந்தேன்.

அம்மாவுக்கு இதய வால்வு ஒன்று சுருங்கிவிட்டது. ஒரு வருடத்துக்குள் மாற்ற வேண்டும் என்று தஞ்சாவூரில் சொல்லிவிட்டார்கள். அரசுக் காப்பீட்டில் இங்கேயே செய்யலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். செய்யலாம்தான். அப்பா போய் மூன்று வருடமாகிறது, நான் ஒரே பெண். அறுவை முடிந்து வீட்டுக்கு வருபவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கக்கூட ஆள் கிடையாது. நான் வேலையை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே அவர் என்னோடு வர வேண்டும், அதற்குக் காப்பீடு வேண்டும், அதற்கு வயது வேண்டும்.

ஆறு வருடம் எப்படி ஏறியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதில் வாக்காளர் பட்டியல் எடுக்க வந்திருக்கிறார்கள். அம்மாவுக்குப் பதினேழு. ஓட்டுப் போடும் வயது அப்போது இருபத்தொன்று. கட்சிக்காகச் சோறு தண்ணீர் மறந்த என் அப்பா, கூசாமல் இருபத்து மூன்று என்று சொல்லிவிட்டார். கட்சிக்கு ஒரு ஓட்டு கூடியது. அந்தப் பட்டியலைப் பார்த்து ரேஷன் கார்டு, அதைப் பார்த்து ஆதார். பிறந்தது வீட்டில், பள்ளிக்கூடம் போகவில்லை, எனவே மறுத்துப் பேச வேறு காகிதமும் இல்லை. அப்பா உயிரோடு இருந்தால் அவரோடு ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன்.

அம்மாவிடம் இருந்ததெல்லாம் ஒரு கதை. அவர் பிறந்த அன்றுதான் குத்தகைதாரர்களைப் பதிவு செய்ய அதிகாரிகள் கீழ்வேளூர்ப் பக்கம் இருந்த அவர்கள் ஊருக்கு வந்தார்களாம். பிரசவ வலி கண்ட மனைவியை விட்டு என் தாத்தா வயலுக்குப் போகவில்லை. இவர் இங்கே சாகுபடி செய்பவரே இல்லை என்று மிராசுதார் தரப்பு சொல்லிவிட்டது. தாத்தா மனுப் போட்டார், தோற்றார், குடும்பத்தோடு தஞ்சாவூருக்கு மூட்டை தூக்க வந்துவிட்டார். அந்த மனுவில் நிச்சயம் பிரசவத் தேதி இருக்கும் என்பது என் கணக்கு.

காலை 6.10க்குத் தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்தில் நாகப்பட்டினம் பேருந்து. டிக்கெட் ஒருவருக்கு 55 ரூபாய், தூரம் சுமார் எழுபது கிலோமீட்டர். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் இருபத்தைந்து நிமிடம் நின்றோம். அந்த கேட்டைத் தெரிந்தவர்கள் இதைக் குறைவு என்பார்கள். திருவாரூர் தாண்டியதும் நான் போனைப் பைக்குள் வைத்துவிட்டேன். இரண்டு பக்கமும் சம்பா விளைந்து, கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒரே மஞ்சள். எங்கோ குடகில் பெய்த மழை அணை, கால்வாய், மதகு என்று எத்தனையோ கைமாறி, கடலுக்குச் சில மைல் முன்னால் இந்தக் கடைமடை வயல் வரை வந்து கதிராகி நிற்கிறது. பதினைந்து வருடமாக வரைபடத்தில் காட்டிப் பாடம் நடத்துகிறவள் நான். நேரில் பார்த்தபோது ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

8.50க்குக் கீழ்வேளூர். இட்லி சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்கு வட்டாட்சியர் அலுவலகம் ஒன்றுக்குப் போனோம். எது என்று சொல்லவில்லை, குறை அவர்களுடையதும் இல்லை. எழுத்தர் ஒரு பெண்மணி, பொறுமையாகக் கேட்டார்.

“அவ்வளவு பழைய பைலை விதிப்படி எப்பவோ அழிச்சிருப்பாங்க, மேடம். ஆனா மனுவோட நகல் எதிர்த்தரப்புக்குப் போயிருக்கும்ல? மிராசுதார் வீட்டுல கேட்டுப் பாருங்க. அவங்க கேஸ் கட்டைத் தூக்கிப் போட மாட்டாங்க.”

எனக்கு இது தோன்றவே இல்லை. அம்மாவின் முகம் மட்டும் மாறிவிட்டது. “அந்த வீட்டுக்கா?” என்றார்.

11.20க்கு நகரப் பேருந்து, பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஏழு கிலோமீட்டருக்கு நாற்பது நிமிடம் ஆனது, பாதிச் சாலையில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் ஒரு மணி நெல்லின்மேல் சக்கரம் ஏறாமல் ஒதுக்கி ஓட்டினார். “ஏத்திட்டுப் போனா சும்மா விடுவாங்களா? நானே நாலு மா நெலத்துல நடவு பண்ணியிருக்கேன்” என்றார் என்னிடம்.

மிராசுதாரின் மகனுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பெரிய வீட்டில் அவரும் மனைவியும்தான். அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். தன் அப்பா பெயரையும், அவர் சாகுபடி செய்த வயல் பெயரையும் சொன்னார். பெரியவருக்கு இரண்டும் தெரிந்திருந்தன. “உள்ள வாங்கம்மா, வெயில்ல ஏன் நிக்கிறீங்க” என்றார்.

அம்மா என் கையைப் பிடித்தார். அவர் அப்பாவை அந்த வாசலில் யாரும் ‘வாங்க’ என்று சொன்னதில்லை.

விஷயத்தைச் சொன்னேன். வால்வு, மஸ்கட், அறுபது வயது விதி, எல்லாம். அவர் காப்பீட்டைப் பற்றி இரண்டு நல்ல கேள்விகள் கேட்டார். பிறகு உள்ளே போய்ச் சிவப்புத் துணியில் கட்டிய ஒரு கட்டோடு வந்தார். ஆனால் அவிழ்க்கவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. அந்த வயல் மேல இப்பவும் ஒரு கேஸ் ஓடுது. இந்தக் காகிதம் வெளிய போனா, குத்தகைப் பாத்தியதைன்னு நீங்களும் ஒரு மனுப் போட்டா நான் என்ன பண்றது?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாயைத் திறப்பதற்குள் அம்மா பேசினார்.

“நெலம் வேண்டாங்கய்யா. என் வயசை மட்டும் குடுங்க.”

அவர் கட்டை அவிழ்த்தார்.

தாத்தாவின் மனு இரண்டு பக்கம். யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், கடைசியில் தாத்தாவின் கைநாட்டு. ‘தை மாதம் ஒன்பதாம் தேதி என் மனைவிக்குப் பிரசவமாகிப் பெண் குழந்தை பிறந்தபடியால் நான் வயலில் ஆஜராக முடியவில்லை.’ மேலே ஆண்டும் இருந்தது. நான் கணக்குப் போட்டேன். ஐம்பத்து நான்கு.

ஆனால் அசந்துபோனது அடுத்த காகிதத்தில். அது மிராசுதார் கொடுத்த பதில். பெரியவரே சத்தமாகப் படித்தார். ‘மேற்படியாரின் மனைவி அன்றைய தினம் பெண் குழந்தை பெற்றது வாஸ்தவம். ஆனால் மேற்படியார் எங்கள் குத்தகைதாரர் அல்ல, கூலியாள்.’ படித்து முடித்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது. வரப்பு, வயல், விளைச்சல் என்று எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பேர், என் அம்மா பிறந்ததில் மட்டும் ஒத்துப்போயிருக்கிறார்கள். தாத்தாவைத் தோற்கடித்த காகிதமே அவருடைய மகளுக்குச் சாட்சி. இதை எழுதும்போதும் எனக்குச் சிலிர்க்கிறது.

அம்மா சிரித்தார், பிறகு அழுதார். “கூலியாளுன்னு எழுதினவரு, நான் பொறந்ததை மறைக்கல பாரு” என்றார்.

கட்டைத் தரப் பெரியவருக்கு மனம் வரவில்லை. எங்களோடு ஆட்டோவில் ஏறி, மடியில் கட்டை வைத்துக்கொண்டு கீழ்வேளூர் வரை வந்தார். ஆட்டோ 200 ரூபாய், ஜெராக்ஸ் 12 ரூபாய். இரண்டையும் அவரே கொடுத்தார், நாங்கள் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அம்மாவின் பிறப்பு உண்மை என்று சாட்சிக் கடிதமும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரவு எட்டுக்குத் தஞ்சாவூர் வந்து சேர்ந்தோம்.

இனி உங்களுக்கான விஷயம். வேலையில் சேரும்போதே காப்பீட்டு விதிகளை முழுக்கப் படியுங்கள். யாரெல்லாம் சார்ந்தவர், வயது வரம்பு எந்த நாளுக்குக் கணக்கு, ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் எத்தனை மாதம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எங்கள் திட்டத்தில் அது ஆறு மாதம். பெற்றோரின் வயதை ஆதாரில் பார்த்து நம்பாதீர்கள், அவர்களையே கேளுங்கள். பிறப்பு பதிவாகவில்லை என்றால் முதலில் ‘பதிவில் இல்லை’ என்ற சான்று, பிறகு கோட்டாட்சியரிடம் தாமதப் பதிவுக்கு மனு. எங்களுக்கு ஆணை வர ஏழு வாரம் ஆனது. அதன்பின் பிறப்புச் சான்றிதழ், ஆதார் திருத்தம், பாஸ்போர்ட், இந்த வரிசையை மாற்றாதீர்கள். பழைய நில வழக்கு, கோயில் வரி ரசீது, எதையும் குப்பை என்று நினைக்காதீர்கள். உங்கள் வீட்டில் இல்லாதது எதிராளி வீட்டில் இருக்கலாம்.

பள்ளி கொடுத்த கடைசி நாள் ஜூன் முப்பது. பதினெட்டாம் தேதி, என்னோடு மஸ்கட் வந்துவிட்ட அம்மாவைக் காப்பீட்டில் சேர்த்துக்கொண்டார்கள். காப்பீட்டு அட்டையைப் படம் எடுத்து, எங்கள் முகவரியோடு அம்மாவே பெரியவருக்கு அனுப்பினார். குரல் செய்தியும் உண்டு: “ஐயா, என் வயசை ஒத்துக்கிட்டாங்க.”

இரண்டு வாரம் கழித்து மஸ்கட் முகவரிக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. உள்ளே தாத்தாவின் மனு, அந்தக் கட்டிலிருந்த அதே காகிதம். ஓரத்தில் ஒரு சின்னத் துண்டுச் சீட்டில், ‘கேஸ் நடக்கட்டும். இது உங்க வீட்டுல இருக்க வேண்டியது’ என்று எழுதியிருந்தார்.

அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தக் கைநாட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் கட்டை விரலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.