ரீச்சருக்குப் போட்ட கட்டில்

எங்கள் நெடுந்தீவு வாசிகசாலைக்கு நான் காரியதரிசியாக வந்ததற்கு இரண்டு காரணங்கள். என் கையெழுத்து வடிவானது. நிர்வாகத் தெரிவு நடந்த அன்று நான் கூட்டத்துக்குப் போகவில்லை. போனவர்கள் எல்லாரும் கவனமாகத் தப்பிவிட்டார்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சரும் நான்தான். கடையில் சாமான் இருக்கிற நாட்கள் குறைவு என்பதால் காரியதரிசி வேலைக்கு எனக்கு நேரம் தாராளமாக இருந்தது. வாசிகசாலையின் முன்பாதியில் பேப்பர் கிடக்கும். பின்பாதியில் நேசரி நடக்கும். விடியவே கரைக்குக் கருவாடு போடப் போகிற பெண்களும், தோட்டத்துக்கும் பனையோலைக்கும் போகிற பெண்களும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். முன்பாதியில் ஆண்கள் நாங்கள் உலக நாடுகளைத் திருத்திக்கொண்டிருப்போம். பின்பாதியில் ஒரேயொரு ரீச்சர் அத்தனை பிள்ளைகளுக்கும் மூக்குத் துடைத்துக்கொண்டிருப்பார்.

ரீச்சர் கலியாணம் ஆகாத இளம்பெண். வீடு நாலு கல்வேலி தள்ளித்தான். தாய் குசினிக்குள் நின்று மகளைக் கூப்பிட்டால் நேசரிப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து "ஓம்" என்று பதில் சொல்லும். இந்தத் தூரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனிமாதத்தில் ஒருநாள் ரீச்சர் சங்கக்கடைக்கு வந்தார்.

"அண்ணை, யாழ்ப்பாணத்திலை ஒரு நேசரிக்கு என்னைக் கூப்பிட்டிருக்கினம். ஆவணி பிறக்கப் போறன்."

"அம்மாவைத் தனிய விட்டிட்டோ?"

"அம்மாதான் போகச் சொல்லுறா. எனக்குப் போக விருப்பமில்லை. ஆனால் நீங்கள் தாற சம்பளத்திலை சவுக்காரந்தான் வாங்கலாம். அதுவும் உங்கடை கடையிலை சவுக்காரம் இல்லை."

இரண்டும் உண்மை. ஆனால் அவரைப் போகவிட எனக்குப் பயம். அதற்கும் காரணம் உண்டு. இவருக்கு முன்பிருந்த ரீச்சர் கலியாணம் முடித்துச் சரவணை ஊருக்குப் போனபோது, புது ஆள் கிடைக்கும்வரை நேசரியைக் காரியதரிசி பார்க்கவேண்டும் என்று கமிட்டி முடிவெடுத்தது. முதல் நாளே பிள்ளைகள் என்னைக் குதிரையாக்கின. வேறு ஊர்ப் பிள்ளைகள் என்றால் முதுகில் ஏறி இறங்குவதோடு விட்டிருக்கும். எங்கள் பிள்ளைகள் தீவின் புல்வெளியில் திரிகிற காட்டுக்குதிரைகளைத் தகப்பன்மார் பிடிப்பதைப் பார்த்து வளர்ந்தவை. ஒரு பெட்டைக்குட்டி என் கழுத்தில் சுருக்குப் போட, இன்னொன்று இரண்டு கையையும் சேர்த்துத் தளை போட்டது. முடிச்சு அவ்வளவு சுத்தம். கருவாட்டு வேலை முடிந்து தாய்மார் வந்துதான் என்னை அவிழ்த்தார்கள். அவிழ்த்தவர்களில் என் மனைவியும் ஒருத்தி. அவள் அவசரப்பட்டு அவிழ்க்கவில்லை.

ஆகவே ரீச்சர் போவது என்றால், நான் திரும்பவும் நாலுகாலில் நிற்பது என்று அர்த்தம். நேசரி மூடுவது என்றால், தாய்மார் எல்லாரும் வேலைக்குப் போகாமல் வாசிகசாலை வாசலில் வந்து நிற்பது என்று அர்த்தம். எதற்கு அதிகம் பயப்பட்டேன் என்று இப்போது சொல்லமாட்டேன்.

அந்தக் கிழமைதான் அரசாங்கச் சுற்றுநிருபம் வந்தது. எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். கடிதத்தை உடைப்பதற்கு முன் முத்திரையைப் பார்ப்பார், பிறகு குத்திய சீலைப் பார்ப்பார், பிறகு நாங்கள் கெஞ்சுவோம். அன்றும் அப்படித்தான். கடைசியில் வாசித்தார்.

"சிறார் பராமரிப்பு நிலையங்களை நடத்துவோர், ஊழியர்களைச் சேர்த்துக்கொள்வதற்கும் தங்கவைப்பதற்கும் அரச நிதியுதவி வழங்கப்படும்."

பொருளாளர் ஒரு சம்மாட்டியார். நாலைந்து வள்ளமும் வலையும் வைத்திருந்தவர். காதைக் கிட்டக் கொண்டுவந்தார்.

"என்னத்துக்குக் காசாம்?"

"தங்கவைக்கிறதுக்கு" என்றார் தலைவர்.

"ஆரை?"

"ஊழியரை. எங்கடை ரீச்சரை."

சம்மாட்டியார் யன்னலால் எட்டிப் பார்த்தார். "அவவின்ரை வீடு அந்தா தெரியுது. தாய் மிளகாய் காயப்போடுறா."

"தெரிஞ்சால் என்ன? தங்கவைச்சால் காசு தருவம் எண்டு கிடக்கு. தங்கவைக்கத்தான் வேணும்."

"குமர்ப்பிள்ளையை வாசிகசாலையிலை தங்கவைச்சால் ஊர் என்ன கதைக்கும்?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றி யோசித்தார். "சுற்றுநிருபத்திலை இரவு எண்டு போடேல்லை. பகலிலை தங்கட்டும்."

"பகலிலை அவ இஞ்சைதானே நிக்கிறா."

"அப்ப பாதி வேலை முடிஞ்சுது" என்றார் தலைவர். "ஒரு கட்டில்தான் தேவை."

இதற்கு நான் மறுப்புச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கூட்டக் குறிப்பில் வடிவான கையெழுத்தில், "ரீச்சரைப் பகலில் தங்கவைப்பதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதினேன்.

சுற்றுநிருபத்தை ரீச்சருக்குக் காட்டுவோமா என்று கேட்டேன். தலைவர் அலுமாரியைப் பூட்டித் திறப்பை மடியில் செருகினார். "ஒரு ஆளைப் பற்றி வந்த அரசாங்கக் கடிதத்தை அந்த ஆளுக்குக் காட்டப்படாது, தம்பி."

கட்டிலைச் சம்மாட்டியார் தந்தார். மகளுக்குச் சீதனமாகச் செய்வித்த முதிரை மரக் கட்டில். மருமகன் கொழும்பில் பாயில் படுக்கிறவராம், வேண்டாம் என்றுவிட்டார். தலைமாட்டில் பெரிய சிலுவை செதுக்கியிருந்தது. அதற்குச் சமமாக எதிர்ச்சுவரில் தலைவர் ஒரு சரஸ்வதி படம் மாட்டினார். கட்டில் வாசலால் போகவில்லை. காலைக் கழற்றியும் போகவில்லை. யன்னல் நிலையைப் பெயர்த்து, கட்டிலை உள்ளே இறக்கி, திரும்ப நிலையை வைத்துப் பூசினோம். பூசி முடிந்த பிறகு சம்மாட்டியார் கேட்டார்.

"இனி இதை எப்பிடி வெளியிலை எடுக்கிறது?"

நான் தலைமாட்டில் "ஆசிரியை தங்குமிடம்" என்று எழுதி ஒட்டினேன்.

நேசரியில் பாதி இடத்தைக் கட்டில் பிடித்துவிட்டது. அடுத்தநாள் ரீச்சர் வாசலில் நின்று அதைப் பார்த்தார்.

"அண்ணை, இதிலை ஆர் படுக்கிறது?"

"நீர்தான்."

"எனக்கு வீடு இருக்கு."

"அது அரசாங்கத்துக்குத் தெரியாதே."

"நான் ஆவணியிலை போறன் எண்டு உங்களிட்டைச் சொன்னனான்."

"அதுக்குத்தானே கட்டில்" என்றேன்.

ரீச்சர் தரையில் விரித்திருந்த பாயைச் சுருட்டினார். பிறகு பிள்ளைகளைத் தூக்கிக் கட்டிலில் வரிசையாக இருத்தி, அதிலேயே பாட்டுப் படிப்பித்தார். பிள்ளைகளுக்கு அது வள்ளமாயிற்று. கீழே இறங்கினால் சுறா கடிக்கும். ஆகவே ஒன்றும் இறங்கவில்லை. மத்தியானம் தாய் வந்து வேலிக்கு வெளியே நின்று, "என்ரை பிள்ளைக்கு வீடு வாசல் இல்லையெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவரிடம் இருந்த மிளகாய்க் கடகத்தைப் பார்த்தபோது விளக்கம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

ஆடிமாதம் மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியிலிருந்து உத்தியோகத்தர் பார்வையிட வந்தார். சோழகக் காற்றுக் கடலைப் புரட்டிக்கொண்டிருந்த காலம். குறிகட்டுவான் துறையில் வெள்ளைச் சேட்டோடு வள்ளம் ஏறியவர், எங்கள் துறையில் இறங்கும்போது முகம் மட்டும் பச்சையாக இருந்தார். கையிலிருந்த பைலால் தண்ணீர் ஒழுகியது. தலைவர் மாலையோடு முன்னால் போனார். உத்தியோகத்தர் மாலையைக் கையால் தள்ளிவிட்டுக் கேட்ட முதற் கேள்வி:

"கட்டில் எங்கை இருக்கு?"

தலைவர் பூரித்துப்போனார். "பாத்தியே தம்பி, நேரே விஷயத்துக்கு வாறார்" என்று என் காதுக்குள் சொன்னார்.

கட்டிலைக் காட்டினோம். அவர் சப்பாத்தைக் கழற்றினார், பிள்ளைகளுக்கு நடுவில் சரிந்தார், கண்ணை மூடினார். இவ்வளவு முழுமையாகப் பரிசோதிக்கிற உத்தியோகத்தரை நான் கண்டதில்லை. ரீச்சர்தான் ஓடிப்போய் இஞ்சி போட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்தார். கட்டிலில் படுத்தால் நித்திரை கொள்ளவேண்டும் என்பது நேசரிச் சட்டம். ஆகவே பிள்ளைகள் இரண்டு பக்கமும் இருந்து அவரைத் தட்டித் தூங்கவைத்தன. கொஞ்ச நேரத்தில் துறையிலிருந்து ஆள் வந்து, கடல் சரியில்லை, நாளைக்குத்தான் வள்ளம் போகும் என்று சொன்னார்.

"அப்ப இவரைத் தங்கவைக்கத்தான் வேணும்" என்றார் சம்மாட்டியார்.

இதற்கிடையில் ரீச்சர் அவருடைய நனைந்த பைலைப் பிரித்து, தாள் தாளாகக் கல்வேலியில் காயப்போட்டு, பறக்காமல் ஒவ்வொன்றுக்கும் ஒரு கல் வைத்துக்கொண்டிருந்தார். எங்கள் அலுமாரிக்குள் பூட்டிக்கிடந்த அதே சுற்றுநிருபம் அதற்குள் இருந்தது. ரீச்சர் ஒரு கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்று அதை வாசிப்பதை யன்னலால் கண்டேன். பிறகு கல்லோடேயே உள்ளே வந்தார்.

"அண்ணை, இதுக்கோ கட்டில் போட்டனீங்கள்?"

"ஓம். தங்கவைக்கிறதுக்கு."

"தங்கவைக்கிறது எண்டால் படுக்கவைக்கிறதில்லை. வேலையை விட்டிட்டுப் போகாமல் வைச்சிருக்கிறது. சம்பளத்தைக் கூட்டிக் குடுங்கோ எண்டு எழுதியிருக்கு."

தலைவர் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார். "அப்ப நிப்பாட்டி வைக்கிறது எண்டு தெளிவாய் எழுதியிருக்கலாமே."

"அப்பிடி எழுதியிருந்தால் நீங்கள் என்னை வேலையாலை நிப்பாட்டியிருப்பியள்" என்றார் ரீச்சர்.

ரீச்சர் சொன்னது நடந்திருக்கும் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

கட்டிலில் கிடந்த உத்தியோகத்தர் கண்ணைத் திறந்தார். "தங்கச்சி, நீர் சொல்லுறதுதான் சரி. ஆனால் எழுவைதீவிலையும் கட்டில்தான் போட்டு வைச்சிருந்தவை. நயினாதீவிலை நுளம்பு வலையும் கட்டியிருந்தது. எல்லாரும் போட்டிருக்க, எனக்கும் அப்பிடித்தான் போலை எண்டு பட்டிட்டுது. நான் விண்ணப்பப் பாரத்திலை கட்டிலுக்கு ஒரு கட்டம் கீறி, கச்சேரிக்கும் அனுப்பிப்போட்டன். இனிக் கட்டில் இல்லாட்டி காசு வராது."

"கட்டிலை எடுக்கவும் ஏலாது" என்றார் சம்மாட்டியார், யன்னல் நிலையைப் பார்த்தபடி.

உத்தியோகத்தர் மெதுவாக எழும்பி இருந்தார். ஒரு பிள்ளை அவரைத் திரும்பவும் தள்ளிப் படுக்கவைத்தது. படுத்தபடியே கேட்டார்.

"நீர் போகாமல் இருக்கிறதுக்கு என்ன செய்யவேணும்?"

ரீச்சர் சொன்ன நாளிலிருந்து அந்த ஆனி, ஆடி முழுக்க மூன்று ஆண்கள் கூட்டம் போட்டு, கட்டில் சுமந்து, யன்னல் பெயர்த்திருந்தோம். இந்தக் கேள்வியை ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை. ரீச்சர் கையிலிருந்த கல்லை யன்னல் நிலையில் வைத்தார்.

"சம்பளம் அரசாங்கத்திலையிருந்து நேரே என்ரை கையுக்கு வரவேணும். நேசரிக்கு வாற கடிதம் முதல் என்னட்டை வரவேணும். மத்தியானம் ஒரு மணித்தியாலம் வீட்டை போய் இருந்து சாப்பிடவேணும். நிண்டுகொண்டு சாப்பிட்டு எனக்குக் களைச்சுப்போச்சு."

"அந்த ஒரு மணித்தியாலம் பிள்ளையளை ஆர் பாக்கிறது?" என்று கேட்டார் தலைவர்.

கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். சம்மாட்டியாரும் பார்த்தார். உத்தியோகத்தருக்கு என்னை யாரென்றே தெரியாது, அவரும் பார்த்தார். கட்டிலில் இருந்த பெட்டைக்குட்டி ஒன்று இறங்கி மூலைக்குப் போய்க் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தது.

காசு புரட்டாதியில் வந்தது. ஆவணி பிறந்தும் ரீச்சர் போகவில்லை. யாழ்ப்பாணத்துக்கு வரமுடியாது என்று அவர் எழுதிய கடிதத்தை நான்தான் தபாலில் போட்டேன், அவர் கொண்டுபோனால் வழியில் மனம் மாறிவிடும் என்று பயந்து. நேசரிக்கு வருகிற கடிதங்களுக்கு அவரே பதில் எழுதத் தொடங்கினார். அவருடைய கையெழுத்து என்னுடையதைவிட வடிவு என்பது அப்போதுதான் தெரியவந்தது. அடுத்த வருடத் தெரிவில் அவரைக் காரியதரிசியாக்கினார்கள். அந்தக் கூட்டத்துக்கு நான் போயிருந்தேன். போயும் ஒரு பிரயோசனமும் இல்லை. மத்தியான வேலை என்னோடேயே நின்றுவிட்டது.

ஒருநாள் ரீச்சர் சாப்பிட்டுவிட்டு நேரத்தோடு திரும்பிவிட்டார். மேசையில் இருந்து கச்சேரிக்கு ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நான் கட்டில் காலோடு கட்டப்பட்டு நாலுகாலில் நின்றேன்.

"ரீச்சர், குதிரையை அவிட்டு விடவோ?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"வேண்டாம். நிக்கட்டும்."