ரப்பர் பால் பட்ட மாங்காய்

கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக் கையில் ஒரு மாங்காய். அதை நூலால் நிரப்பிக் கொடுத்தால் கோலா சிலாங்கூர் தையல் கடையில் எனக்கு வேலை. இல்லாவிட்டால் திங்கட்கிழமை முதல் ரப்பர் எஸ்டேட்டில் களைக்கு மருந்தடிக்க வேண்டும். வேலைக்கு ஆள் பிரிக்கும் மண்டோர் என் பேரை எழுதிவிட்டார். மருந்தடித்தே அம்மாவின் நகங்கள் கறுத்து உதிர்ந்ததைப் பார்த்தவள் நான்.

கடைக்கார அக்கா வெட்டுத் துணியில் ஒரே ஒருமுறை செய்து காட்டியிருந்தார். நீள நூல்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் படுக்க வைத்து, அவை சந்திக்கும் இடமெல்லாம் குட்டித் தையல் போட்டு அமுக்க வேண்டும். இழுத்தால் துணி சுருங்கும், விட்டால் நூல் தொங்கும்.

மாங்காய் வரைந்த தாள் பட்டுத்துணியில் நழுவிக்கொண்டே இருந்தது. எஸ்டேட் லயத்து வீட்டுப் பிள்ளைக்குப் பசை என்றால் வேறென்ன? பால் வெட்டும் அப்பாவின் வாளி அடியில் மிஞ்சியிருந்த ரப்பர் பாலை நாலு சொட்டு வைத்து ஒட்டினேன். கோட்டைப் பதித்துவிட்டு உரித்தபோது சுத்தமாகத்தான் வந்தது. சாயங்காலம் பார்க்கிறேன், சந்தன நிறப் பட்டில், மாங்காய்க்குள்ளேயே நாலு பழுப்புக் கறை. ஐயோ! அந்தக் கறை எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது. அப்பாவின் சட்டைகளே சாட்சி.

"அடிப்பாவி, அடுத்தவங்க கல்யாணத் துணிலா இது!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

கறை கண்ணுக்கு மறையும் வரைக்கும் கட்டத்துக்குள் கட்டமாக நூலை நெருக்கினேன். ஊசி குத்திய விரலை வாயில் வைத்துக்கொண்டேன், ரத்தமும் பட்டுவிட்டால் என்ன செய்வது? மறுநாள் பஸ்ஸில் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன்.

அக்கா வெகுநேரம் பார்த்தார். "நான் இவ்வளவு நெருக்கமாவா காட்டினேன்?" என்றபடி துணியைத் திருப்பினார். பின்பக்கம் என்று ஒன்று இருப்பதையே நான் மறந்து தொலைத்திருந்தேன். நாலு கறையும் அங்கே பளிச்சென்று இருந்தன. அவர் துணியை மூக்கருகே கொண்டுபோனார். அந்த நாற்றம் லயத்தில் வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

"பால் வச்சு ஒட்டுனியா?"

தலையாட்டினேன்.

அவர் கத்தரியை எடுத்து, லைனிங் துணியில் ஒரு துண்டு வெட்டி, கறைமேல் வைத்துப் பார்த்தார்.

"உள்ளுக்கு இதை வச்சுத் தைச்சிரு. இன்னொரு கைக்கும் இதே நெருக்கத்துல மாங்கா போடணும். பால் கீல் கொண்டாந்தே, கொன்னுருவேன். திங்கக்கிழமை எட்டு மணிக்கு வந்துரு."

அந்த வாரம் முழுக்க நான் பயந்து செத்த அதே திங்கட்கிழமை.