சிறுகுறிஞ்சான் தின்ற நாக்கு

ஸ்ரீவில்லிபுத்தூரில் கண்ணுச்சாமியின் பால்கோவாக் கடைக்குப் பின்கட்டில் அடுப்பு பார்ப்பவள் சுந்தரம்மாள். பால் சுண்டி இறுகும்போது விரல்நுனியில் எடுத்து நாக்கில் வைப்பாள். அவள் தலையசைத்தால்தான் சரக்கு கடைக்குப் போகும்.

அந்த நாக்குக்கு ஒரு வினை வந்தது. காலில் பட்ட தீக்காயம் ஆறவேயில்லை. ரத்தத்தில் சர்க்கரை ஏறிக்கிடப்பதாகச் சொல்லி டாக்டர் மாத்திரை எழுதினார். இனிப்பைத் தொடக்கூடாது என்றார். ஆளில்லாத நேரத்தில் வாணலி ஓரத்தை வழித்துத் தின்பதை அவரிடம் அவள் சொல்லவில்லை.

தேவதானத்தில் இருக்கும் நாத்தனார் மாரியாத்தாள், கிணற்றுவேலியில் படர்ந்திருந்த சிறுகுறிஞ்சான் கொடியிலிருந்து ஒரு பிடி இலை பறித்துக் கொடுத்தாள்.

"இத மென்னுட்டு சீனிய வாயில போட்டா மண்ணு மாதிரி இருக்கும் மதினி. ஆசையே அத்துப்போகும்."

மறுநாள் பால் மணம் எழும்பியதும் ஆசை முட்டியது. நாலு இலையை மென்றாள். கசந்தது. கோவா திரண்டு வந்தபோது, இலையின் வேலை இதற்குள் தீர்ந்திருக்கும் என்று நினைத்து ருசி பார்த்தாள். வெந்த மாவைத் தின்பதுபோல் இருந்தது. சீனி குறைந்துவிட்டதென்று ஒரு கை அள்ளிப் போட்டாள். அப்போதும் இனிக்கவில்லை. இன்னொரு கை போட்டாள்.

கண்ணுச்சாமி ஒரு துண்டை வாயில் போட்டதும் முகத்தைச் சுளித்தார்.

"ஏம்மா, இம்புட்டுச் சீனியா போடுவ?"

"எனக்கு சப்புன்னு இருக்கே மொதலாளி."

மடியிலிருந்த மிச்ச இலையை எடுத்துக் காட்டி, தான் மென்றதைச் சொன்னாள். அவரும் ஒன்றை மென்றுவிட்டு அதே பால்கோவாவைத் திரும்பத் தின்றார்.

"ஆமா. மண்ணுதான்," என்றார். பிறகு பாத்திரம் கழுவும் வெள்ளத்தாயைக் கூப்பிட்டார். "இனிமே நீ ருசி பாரு. சுந்தரம்மா கிண்டட்டும்."

அன்று சுந்தரம்மாள் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

மூன்று மாதத்தில் சர்க்கரை இறங்கியது, புண்ணும் ஆறியது. தினமும் இலை மென்று இனிப்பை விட்டதைச் சொன்னதும் டாக்டர் யோசித்தார்.

"மாத்திரையா, எலையா, இனிப்ப விட்டதா, எதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா. எலைய நம்பி மாத்திரைய நிறுத்திறாதீங்க. ரெண்டும் சேந்து ரொம்ப எறங்கிட்டா மயக்கம் வந்துரும்."

வெள்ளத்தாய் விரலை வாயில் வைக்கும்போது, சுந்தரம்மாள் கரண்டியை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்ப்பாள். வெள்ளத்தாய் அவசரப்படுவதில்லை.

"எப்படி இருக்குடி?"

"நல்லாருக்குக்கா."

அப்போதும் சுந்தரம்மாள் தன் கணக்குக்கு ஒரு கிண்டு கூடுதலாகக் கிண்டிவிட்டே இறக்குவாள்.