மூத்தவளின் முருக்கு

எங்கள் வெள்ளவத்தை வீட்டுக் கிணற்றடியில் ஒரு முள்முருக்கு நின்றது. என் கணவர் முதல் தாரத்தைக் கைப்பிடித்தபோது கன்னிக்காலாக நட்ட தடி அது. கலியாணத்துக்கு நட்ட முருக்குத் தழைத்தால் குடும்பமும் தழைக்கும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. தடி தழைத்தது. அவளோ இரண்டாம் வருடமே நெருப்புக்காய்ச்சலில் போய்விட்டாள். மரத்துக்கு அந்தச் செய்தி எட்டவில்லை போலும், கூரைக்கு மேலே வளர்ந்து நின்றது.

நான் இரண்டாம் தாரம். எனக்குக் கன்னிக்கால் நடவில்லை. இரண்டாம் கலியாணத்துக்கு எதற்கு ஆரவாரம் என்று கோயிலில் தாலியைக் கட்டி, மத்தியானச் சாப்பாட்டோடு முடித்துவிட்டார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். வேலை முடிந்து கந்தோரால் வந்ததும் தேத்தண்ணீர்க் கோப்பையோடு இவர் நேரே அந்த மரத்தடிக்குப் போவாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. மாசியில் இலையெல்லாம் கொட்டி மரம் சிவப்பாகப் பூக்கும்போது அண்ணாந்து பார்த்தபடி நிற்பார். நான் புதுச் சேலை உடுத்து முன்னால் நடந்தாலும் பத்திரிகையைத்தான் தேடுவார். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். உயிரோடு இருக்கிற எனக்கு அதில் அரைவாசி மதிப்புக்கூட இல்லை.

கடைசியில் மரமே தன் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது. வேர் ஓடிக் கிணற்றடிச் சீமெந்து வெடித்துவிட்டது. மரம் நிற்கும்வரை பூசிப் பயனில்லை என்று மேசன் கையை விரித்தான். இவர் நாலைந்து நாள் யோசித்துவிட்டு ஆள் பிடித்து வெட்டுவித்தார். நான் உள்ளே பாயசம் காய்ச்சினேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மாதம் திரும்பவில்லை, அடிக்கட்டையைச் சுற்றிப் பச்சைப் பச்சையாகத் தளிர்.

"இஞ்சேரும், ஓடி வாரும்! திரும்பவும் துளிர்த்திருக்கு!"

அந்தக் குரலில் அவர் என்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அவர் கந்தோருக்குப் போனதும் எல்லாவற்றையும் ஒடித்து எறிந்தேன். ஒன்றை ஒடித்தால் இரண்டு வந்தது. உப்பைக் கொட்டினேன். கொதிக்கக் கொதிக்கக் கஞ்சித் தண்ணீர் ஊற்றினேன். ஒருநாள் மண்ணெண்ணெயைக் கவிழ்த்தேன். வீடெல்லாம் மணம் அடித்தது. இவர் மூக்கை உறிஞ்சிவிட்டுப் படுத்துக்கொண்டார். கட்டை மட்டும் துளிர்த்துக்கொண்டே இருந்தது. செத்தும் அவளுக்கு என்ன பிடிவாதம் என்று பல்லைக் கடித்தேன்.

பக்கத்து வீட்டு அண்ணை களுத்துறைப் பக்கம் ஒரு இறப்பர் தோட்டத்தில் கிளாக்கர். மாதக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். வேலிக்கு மேலால் பார்த்துச் சிரித்தார்.

"தங்கச்சி, நீர் நடுவில ஊத்திப்போட்டு இருக்கிறீர். நடுப்பகுதி செத்த மரம். தோலுக்குக் கீழ ஓரத்திலதான் உயிர் ஓடுது. அதோட வெட்டின இடமும் காஞ்சு போச்சு. புதுசா மேலால ஒரு வட்டம் அரிஞ்செடுத்து, ஈரம் காய முதல் ஓரத்தைச் சுத்தி மருந்து தடவோணும். பிந்தினா மரம் வாயை மூடிப்போடும்."

அடுத்த முறை வந்தபோது தோட்டத்தில் மரம் கொல்லப் பாவிக்கும் ஆசனிக் மருந்தை ஒரு போத்தலில் கொண்டுவந்து தந்தார். கோழியை அண்ட விடக்கூடாது, கை கழுவாமல் சோற்றைத் தொடக்கூடாது என்று பலமுறை எச்சரித்தார்.

நானே தடவியிருக்கலாம். எனக்கு அது போதவில்லை. என் கணவரின் கையால் நடக்க வேண்டும். போத்தலை அவர் முன்னால் வைத்தேன்.

"கட்டாயம் செய்யத்தான் வேணுமோ?" என்றார்.

"கிணத்தடி திரும்ப வெடிச்சா ஆர் பாக்கிறது?"

அவர் மரம் அரியும் வாளை எடுத்து மெல்லிய வட்டமாக அரிந்தார். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, பழைய பெயின்ற் பிரசால் ஓரத்தைச் சுற்றி நிதானமாகத் தடவினார். ஒரு சொட்டுக்கூட மண்ணில் சிந்தவில்லை. மழை கழுவாதபடி மேலே தகரத்தைக் கவிழ்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண் கலங்கவில்லை, கை நடுங்கவில்லை. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

பிறகு தளிர் வரவேயில்லை. பட்டை கருகிக் கழன்றது. கிணற்றடிக்குப் புதுச் சீமெந்து பூசினோம். பின்னேரங்களில் அவர் முன் விறாந்தையில் என் பக்கத்தில் இருந்து தேத்தண்ணீர் குடித்தார். என் கலியாண வாழ்க்கை அப்போதுதான் தொடங்கியது போல இருந்தது.

அடுத்த மாசியில் கொட்டாஞ்சேனையில் இவருடைய அக்காவின் பேத்திக்குக் காது குத்து. மூத்தவளின் புகழ் பாடும் வீடு என்பதால் நான் அங்கே அதிகம் போவதில்லை. காது குத்துக்குப் போகாமல் இருக்க முடியுமா? படலையைத் திறந்ததும் கால் நின்றுவிட்டது. மதிலோரம் ஒரு முருக்கு, இலையில்லாமல், உச்சியில் சிவப்பாகப் பூத்து நின்றது.

"என்ன மச்சாள் பாக்கிறீர்? உங்கட கிணத்தடி முருக்குத்தான்," என்றார் அக்கா. "வெட்டின அண்டைக்கே தம்பி பெரிய கொப்பு ஒண்டைத் தோளில வைச்சுக்கொண்டு பஸ்ஸில வந்தவன். கோட்டெல்லாம் மண். கொண்டக்டரோட சண்டையும் பிடிச்சவனாம்."

கந்தோர்க் கோட்டில் ஒரு மடிப்பு விழுந்தால் முகம் சுளிக்கிற மனிதர். அவருடைய கை ஏன் நடுங்கவில்லை என்று அப்போது விளங்கியது. என் உப்பு, என் மண்ணெண்ணெய், என் ஆசனிக் எல்லாம் அவர் விட்டுவிட்டுப் போன வெறுங்கட்டைக்குத்தான்.

வீடு திரும்பும் வழியில், பஸ் காலிமுகத்தைத் தாண்டும்போது, அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "எனக்கெண்டும் ஒரு தடி நடவேணுமெண்டு உங்களுக்கு ஒருநாளும் தோன்றேல்லையோ?"

அவர் திரும்பி என்னை உண்மையாகவே வியப்போடு பார்த்தார்.

"உமக்கு முருக்கைக் கண்ணிலயும் காட்டக்கூடாதெண்டெல்லோ நான் நினைச்சிருந்தனான்," என்றார்.